ஹாரன் டீச்சர் வாயில் கம்பி

அந்த டிரைவிங் ஸ்கூலின் ஒரே காரில் ஹாரன் பழுதாகி ஒரு மாதமாகியும் யாருக்கும் தெரியவில்லை. தேவைப்படாததுதான் காரணம். பக்கத்து இருக்கையில் டீச்சர் இருக்கும்போது வேறு ஹாரன் எதற்கு? அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு குரல் கொடுத்தால் முன்னால் போகிற லாரி ஒதுங்கும். பின்னால் வருகிற லாரியும் எதற்கு வம்பு என்று ஒதுங்கிக்கொள்ளும். கற்றுக்கொள்ள வந்தவர்கள் அவருக்கு ஹாரன் டீச்சர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது ஒருநாள் அவர் காதிலும் விழுந்தது. கோபம் வரவில்லை, உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டீச்சர் யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. திட்டும்போதுகூட அண்ணே, தம்பி, மேடம் என்று முறை வைத்துத்தான் திட்டுவார். "அண்ணே, அந்த கியர் உங்களுக்கு என்ன துரோகம் பண்ணுச்சுண்ணே?" "மேடம், கிளட்ச்சை மிதிங்க. கரப்பான்பூச்சிய மிதிக்கிற மாதிரி மிதிக்காதீங்க." "தம்பி, வண்டிய ஓட்டச் சொன்னேன், தாலாட்டச் சொல்லலை." இப்படி ஒரு மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு இறங்கும்போது சொந்தப் பெயரே மறந்திருக்கும். ஆனால் லைசென்ஸ் கிடைத்துவிடும்.

அப்படிப்பட்ட வாய்க்குள் கம்பி போனதற்கு ஒரு பல் டாக்டர்தான் காரணம்.

அந்த டாக்டரும் டீச்சரிடம் கார் கற்றுக்கொண்டவர்தான். இளம்பெண், எதற்கும் பதறாதவர். டீச்சர் எவ்வளவு கத்தினாலும் அவர் முகத்தையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருப்பார். "ரோட்டைப் பாருங்க மேடம், என் மூஞ்சில என்ன சினிமாவா ஓடுது?" என்பார் டீச்சர். டாக்டர் ரோட்டைப் பார்ப்பார், கொஞ்ச நேரத்தில் மறுபடி டீச்சரைப் பார்ப்பார். லைசென்ஸ் கைக்கு வந்த அன்று நன்றி சொல்ல வந்தவர், சொல்லிவிட்டும் போகாமல் நின்றார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க திட்டும்போதெல்லாம் நான் உங்க கீழ்வரிசைப் பல்லைத்தான் பார்த்துட்டிருந்தேன். ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது. இடுக்குல பிரஷ் போகாது. ஈறும் இறங்க ஆரம்பிச்சிருக்கு. இப்படியே விட்டா ஒண்ணொண்ணா ஆட ஆரம்பிச்சிடும்."

"இத்தனை நாளும் அதையா பார்த்துட்டிருந்தீங்க?"

"முழுசாத் திறந்து காட்டுனீங்களே, வேற என்ன பண்றது?"

டீச்சருக்கு நாற்பது தாண்டிவிட்டது. இந்த வயதில் பல்லுக்குக் கம்பியா என்று இரண்டு நாள் யோசித்தார். பல் போனால் பேச்சில் காற்றுப் போகும், பேச்சில் காற்றுப் போனால் பிழைப்பே போகும் என்று மூன்றாம் நாள் தோன்றியது. போய்ப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டில் இந்த விஷயத்தில் ஏற்கெனவே ஒரு நிபுணர் இருந்தாள். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள். அவளுக்கும் பல்லில் க்ளிப் போட்டிருந்து போன வருடம்தான் கழற்றினார்கள். டீச்சர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சோபாவில் சாய்ந்து கிடந்தபோது அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"வலிக்குதாம்மா?"

டீச்சர் தலையை மட்டும் ஆட்டினார். பல் ஒவ்வொன்றையும் யாரோ தனித்தனியாகப் பிடித்து வெளியே வாடா என்று இழுப்பதுபோல் இருந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"உலகத்துல உனக்கு மட்டுந்தான் பல்லு இருக்கா?" என்றாள் மகள், மிகவும் அன்பாக.

டீச்சர் முறைத்தார்.

"நான் அழுதப்ப நீ சொன்னதும்மா. அப்படியே ஞாபகம் வச்சிருக்கேன்." சொல்லிவிட்டு அவளே எழுந்து போனாள். உருளைக்கிழங்கை வேகவைத்துக் கட்டியில்லாமல் மசித்துப் பால் ஊற்றிக் கலக்கி எடுத்துவந்தாள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் ஒரு டம்ளர். டாக்டர் கொடுத்தனுப்பிய சின்ன டப்பாவைத் திறந்து மெழுகைக் காட்டினாள். "கம்பி குத்துற இடத்தைத் துடைச்சிட்டு, இதைப் பட்டாணி மாதிரி உருட்டி வச்சு அழுத்தணும். முழுங்கிட்டா பயப்படாத. நான் எவ்வளவோ முழுங்கியிருக்கேன்."

டீச்சரின் கணவர் ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கும் மெக்கானிக். மனைவி கஷ்டப்படுவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தன் கருவிப் பையைத் துழாவி ஒரு சின்னக் குறடை எடுத்து வேட்டி நுனியால் துடைத்தார். "எந்த இடத்துல குத்துது, காட்டு. கம்பிதானே, ஒரு நிமிஷ வேலை."

அம்மாவும் மகளும் ஒரே நேரத்தில் எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள்.

வலி ஒரு வாரத்தில் அடங்கியது. அதன் பிறகுதான் நிஜமான தொல்லை ஆரம்பித்தது. கம்பிக்குப் பழகாத உதடு பேச்சுக்கு ஒத்துழைக்க மறுத்தது. ஸ்டியரிங் 'ஷ்டியரிங்' ஆனது. "ஸ்லோ, ஸ்லோ" என்று டீச்சர் கத்தினால் "ஷ்லோ, ஷ்லோ" என்று சாரலோடு வந்தது. முன்கண்ணாடியில் துளிகள் தெறித்தன. வெளியே வெயில் அடித்துக்கொண்டிருக்க, கல்லூரி மாணவி ஒருத்தி மழை பெய்கிறது என்று நினைத்து வைப்பரைப் போட்டாள். டீச்சர் அன்றிலிருந்து மடியில் ஒரு துண்டு வைத்துக்கொண்டார்.

போதாக்குறைக்குக் கத்தும்போது கன்னத்தின் உட்பக்கம் கம்பியில் போய் உரசியது. உரசிய இடமெல்லாம் புண். ஒரு வசவுக்கு ஒரு புண் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார், கட்டுப்படியாகவில்லை. வாயை மூடிக்கொண்டார். இடப்பக்கம் போக வேண்டுமென்றால் இடக்கையைக் காட்டினார், வலப்பக்கத்துக்கு வலக்கை. நிறுத்தச் சொல்ல டேஷ்போர்டில் ஒரு தட்டு. தன் பக்கத்து பிரேக் எப்போதும் காலடியிலேயே இருந்ததால் ஆபத்து ஒன்றுமில்லை.

சிலருக்கு இது நிம்மதியாக இருந்தது. ஆனால் பேக்கரிக்காரருக்குத்தான் தூக்கம் போய்விட்டது.

பேக்கரிக்காரர் ஐம்பதைத் தாண்டியவர், பெரிய உடம்பு, சின்னக் குரல். ரொட்டி வேன் ஓட்டிக்கொண்டிருந்த அவருடைய மச்சான் கல்யாணம் முடித்து மாமனார் ஊரோடு போய்விட்டதால், வேனைத் தானே ஓட்டுவதென்று முடிவெடுத்தவர். நான்கு முறை டெஸ்டில் தோற்றிருந்தார். கூடப் படித்த பொடியன்கள் எல்லாம் லைசென்ஸ் வாங்கிப் போய், அவர்களுடைய தம்பிகளும் வந்து வாங்கிப் போய்விட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் அவரை 'பிரின்சிபால்' என்று கூப்பிட்டார்கள், ஸ்கூலிலேயே அதிக வருஷம் இருப்பவர் என்பதால். டீச்சரைத் தவிர அவரிடம் நம்பிக்கை வைத்தவர்கள் யாரும் இல்லை. டீச்சரின் நம்பிக்கை எப்போதும் வசவாகத்தான் வெளிப்படும். அது அவருக்கும் தெரியும்.

ஆகவே டீச்சர் வாயை மூடிக்கொண்டதும் அவர் வேறு மாதிரிப் புரிந்துகொண்டார். ஒருநாள் சிக்னலில் மூன்று முறை வண்டி அணைந்தது. டீச்சர் ஒன்றும் சொல்லாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பேக்கரிக்காரர் சாவியை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், எதாவது சொல்லுங்க."

டீச்சர் கையை ஆட்டிப் போகச் சொன்னார்.

"முன்னெல்லாம் ஒரு தடவை அணைஞ்சாலே கிழிச்சுத் தொங்கவிடுவீங்க. இப்போ மூணு தடவை அணைஞ்சிருச்சு. இது தேறாத கேஸுன்னு விட்டுட்டீங்க, அப்படித்தானே?"

"வாயில புண்ணுண்ணே," என்றார் டீச்சர் உதட்டை அசைக்காமல்.

"எனக்காகச் சொல்றீங்க. பரவாயில்லை டீச்சர். ஒரே ஒரு தடவை திட்டுங்க. சின்னதா."

பின்னால் வண்டிகள் கத்திக்கொண்டிருந்தன. டீச்சர் டேஷ்போர்டைத் தட்டினார். அது நிறுத்தச் சொல்லும் தட்டு என்பதால் பேக்கரிக்காரர் இன்னும் அழுத்தமாக பிரேக்கை மிதித்துக்கொண்டார்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வகுப்புக்கு வரும்போதெல்லாம் அன்று காலையில் சுட்ட ரஸ்க்கை ஒரு காகிதப் பையில் போட்டுக் கொண்டுவருவார். அதைத் தட்டில் போட்டால் கூழாங்கல் விழுந்த மாதிரிச் சத்தம் வரும், அப்படி முறுகலாக இருக்கும். கம்பி போட்டபின் டீச்சர் அதை வாங்கி அப்படியே மகளிடம் கொடுத்துவந்தார். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், கடித்துச் சாப்பிடுகிற எதுவும் ஆகாது என்று. பல வாரங்களாக டீச்சர் சூப், கஞ்சி, மசித்த பழம், பாலில் ஊறிய பிரெட் என்று விழுங்கிக்கொண்டிருந்தார். பல் இருப்பதே எதற்கு என்று அவருக்கு மறந்துபோகும் நிலை.

அன்றைக்கு ஊருக்கு வெளியே போகிற பெரிய சாலையில் வகுப்பு. பேக்கரிக்காரர் ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கப் போனார். அதுவும் டீச்சர் கற்றுக்கொடுத்ததுதான், ஒவ்வொரு டயராகக் குனிந்து பார்க்க வேண்டும். காகிதப் பை கியருக்குப் பக்கத்தில் இருந்தது. அடுப்புச் சூடு இன்னும் போகவில்லை. வெண்ணெய் வாசனை கார் முழுக்கப் பரவியது. டீச்சர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். பேக்கரிக்காரர் பின்பக்க டயரிடம் இருந்தார். நல்லது. ஒரு ரஸ்க்கை எடுத்துக் கடைவாயில் வைத்து, பூனை மாதிரி சத்தமில்லாமல் கடித்துவிடலாம் என்று நினைத்தார்.

கடக் என்று ஒரு சத்தம் கேட்டது. ரஸ்க் உடைந்த சத்தம் அல்ல.

கடைசிப் பல்லில் ஒட்டியிருந்த வளையம் கழன்று, கம்பியின் நுனி விடுபட்டு, கன்னத்தின் உட்பக்கத்தில் ஊசி ஏறுகிற மாதிரி ஏறிவிட்டது. டீச்சர் இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். வாயைத் திறந்தால் குத்தியது, மூடினால் அதைவிடக் குத்தியது. பாதி திறந்தபடியே அசையாமல் உட்கார்ந்திருந்தார். கண்ணிலிருந்து நீர் தானாக இறங்கியது.

பேக்கரிக்காரர் கதவைத் திறந்தார். மடியில் பாதி ரஸ்க், துண்டில் ஒரு பொட்டு ரத்தம், அழுகிற டீச்சர்.

"ஐயையோ. என் ரஸ்க்கா?"

டீச்சர் தலையை ஆட்டினார். இருக்கையை மாற்றிக்கொள்ளலாம், நானே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று கையால் காட்டிப் பார்த்தார். ஆனால் கண்ணீரில் ரோடு தெரிந்தால்தானே. துடைக்கத் துடைக்க நிரம்பியது. கடைசியில் டாக்டரின் கிளினிக் இருக்கும் திசையைக் காட்டிவிட்டுச் சாய்ந்துகொண்டார்.

கிளினிக் ஊருக்கு நடுவில் இருந்தது. போகிற வழியில் ஒரு ரவுண்டானா. ஆறு சாலைகள் அங்கே வந்து கலக்கும். பேக்கரிக்காரர் தோற்ற நான்கு டெஸ்டில் மூன்று அங்கேதான்.

அவர் பெல்ட்டைப் போட்டார். கண்ணாடியைச் சரிசெய்தார். பக்கத்திலிருந்து வழக்கமாக வருகிற குரலுக்காகக் காத்திருந்தார். வரவில்லை. ஒரு பெரிய மூச்சு விட்டார். பிறகு அவர் வாயிலிருந்தே, டீச்சரின் ஏற்ற இறக்கத்தோடு, அந்தக் குரல் வந்தது.

"அண்ணே, கிளம்புற எண்ணம் இருக்கா, இல்ல இங்கயே கடை போடப் போறீங்களா?"

அவரே பதிலும் சொன்னார். "இதோ கிளம்பிட்டேன் டீச்சர்."

வண்டி கிளம்பியது. டீச்சர் ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தார். அவர் ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மூணாவது கியருக்கு வாங்க. எஞ்சின் கதறுது, காதுல விழலையா? விழுந்துச்சு டீச்சர். கண்ணாடியப் பாருங்கண்ணே, தலை வாரிக்க இல்ல, பின்னால யார் வர்றான்னு பாருங்க. பார்த்துட்டேன், பஸ் ஒண்ணு வருது. பஸ்ஸுக்கு வழி விடுங்க, அவனுக்கும் பொண்டாட்டி புள்ளை இருக்கு. விட்டுட்டேன் டீச்சர்."

ஒரு வசவு கூட விட்டுப்போகவில்லை. எப்போதோ போன வருடம் சொல்லி டீச்சரே மறந்துபோனதெல்லாம் வரிசையாக வந்தது. அந்த இழுவை, முடிவில் 'ண்ணே' என்று உச்சிக்குப் போய் இறங்கும் அந்தச் சுருதி, நடுவில் சலித்துக்கொள்ளும் பெருமூச்சு. தன் குரல் இன்னொருவர் வாயில் இப்படி இருக்கும் என்று டீச்சர் நினைத்ததே இல்லை. முதலில் வெட்கமாக இருந்தது. இவ்வளவா பேசியிருக்கிறோம்? பிறகு சிரிப்பு வந்தது. சிரித்தால் கம்பி குத்தியது. குத்தினால் முனகினார். அவர் முனகினால் பேக்கரிக்காரர் வேகத்தைக் கூட்டினார்.

"அண்ணே, ஆம்புலன்ஸா ஓட்டுறீங்க? இல்ல டீச்சர். அப்ப காலை எடுங்க. எடுத்துட்டேன்."

ரவுண்டானா வந்தது. பேக்கரிக்காரரின் நெற்றியில் வியர்வை வழிந்தது. குரல் மட்டும் நடுங்கவில்லை.

"இது என்னண்ணே? ரவுண்டானா டீச்சர். சிங்கமா, புலியா? ரவுண்டானாதான் டீச்சர். உள்ள இருக்குறவனுக்கு வழி விடுங்க. விட்டுட்டேன். இடம் வந்தா நுழைங்க. வந்துச்சு, நுழைஞ்சுட்டேன். இண்டிகேட்டர் யாரு போடுவா, உங்க மச்சானா? போட்டுட்டேன் டீச்சர். வெளிய வாங்க. வந்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, தன் சொந்தக் குரலில், "வந்துட்டேனா டீச்சர்?" என்றார்.

டீச்சர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். தன் பக்கத்து பிரேக்கில் வைத்திருந்த காலை அவர் ஒரு முறைகூட அழுத்தவில்லை என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

கிளினிக் வாசலில், சக்கர நாற்காலி ஏறுவதற்காகப் போட்டிருந்த சரிவுப் பாதையின் குறுக்கே பேக்கரிக்காரர் வண்டியை நிறுத்தினார். அதற்கு மட்டும் டீச்சரின் வசவு எதுவும் அவரிடம் கைவசம் இல்லை.

டாக்டர் கம்பியின் நுனியைச் சின்னக் கத்தரியால் நறுக்கி எடுத்தார். ஒரு நிமிஷ வேலைதான். டீச்சருக்கு உயிர் திரும்பி வந்தது.

"என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"பிரெட்," என்றார் டீச்சர்.

டாக்டர் வளையத்தில் ஒட்டியிருந்த துணுக்கை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

ஓரமாக நின்ற பேக்கரிக்காரருக்கு மனம் கேட்கவில்லை. "ரஸ்க்குங்க டாக்டர். என் கடை ரஸ்க். தப்பு என் மேலதான். இனிமே இவங்களுக்கு ஸ்பாஞ்ச் கேக்தான்."

டாக்டர் திட்டத் தெரியாதவர். ஆனால் டீச்சரிடம் அவர் கற்றுக்கொண்டது கார் மட்டுமல்ல என்று தெரிந்தது. "டீச்சர், அந்தப் பல்லு உங்களுக்கு என்ன துரோகம் பண்ணுச்சு?" என்றார் அமைதியாக.

டீச்சர் பதில் சொல்லக் கிளம்புவதற்குள் வாயைத் திறக்கச் சொல்லி, கழன்ற வளையத்தை மறுபடி ஒட்ட ஆரம்பித்தார்.

அடுத்த டெஸ்டுக்குப் பேக்கரிக்காரர் போனார். டீச்சர் லைசென்ஸ் அலுவலகத்தின் வேலியோரம் நின்றார். கார் ரவுண்டானாவைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. பேக்கரிக்காரர் இறங்கி வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்னண்ணே ஆச்சு?"

"பாஸுன்னுட்டார் டீச்சர்."

"அதை ஏன் இழவு வீட்டுலேர்ந்து வர்ற மாதிரிச் சொல்றீங்க?"

"ரவுண்டானா வந்ததும் என்னை அறியாம வாய் விட்டுப் பேசிட்டேன். இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழ வச்சிட்டு என்னையே பார்த்துட்டிருந்தார். 'அவனுக்கும் பொண்டாட்டி புள்ளை இருக்கு'ன்னு நான் சொன்னப்ப, 'யாருக்கு?'ன்னு கேட்டார். பஸ்காரருக்குன்னேன். முடிச்சிட்டு இறங்குறப்ப, 'இதெல்லாம் யார் சொல்லிக்குடுத்தது?'ன்னார். நான் உங்க பேரைச் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க டீச்சர்."

டிரைவிங் ஸ்கூலின் அனுமதியே அந்த இன்ஸ்பெக்டரின் அலுவலகத்திலிருந்து வருவது. கூப்பிட்டு விசாரிப்பார்களோ, பயிற்சிக்கு வருகிறவர்களை மிரட்டுவதாக எழுதிவிடுவார்களோ என்று டீச்சர் ஒரு வாரம் தவித்தார். மகள் மசித்துக் கொடுத்ததைக்கூடப் பாதியில் வைத்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் வரவில்லை. அவருடைய மனைவி வந்தார். சிவப்புக் கைப்பை, புதுக் கண்ணாடி, உறுதியான நடை. லைசென்ஸ் வாங்க வேண்டும் என்றார்.

"சார்தான் இருக்காரே, அவரே சொல்லிக்குடுக்கலாமே," என்றார் டீச்சர் தயக்கத்தோடு.

"ரெண்டு நாள் சொல்லிக்குடுத்தார். மூணாம் நாள் அம்மா வீட்டுக்குப் போயிட்டேன். அவர் திட்டுனா எனக்குப் பத்திக்கிட்டு வருது. உங்ககிட்டப் போகச் சொன்னார். நீங்க திட்டுனா மனசுல நிக்குமாம், ஆளு மேல கோபம் வராதாம்."

காரில் ஏறினார்கள். அந்தப் பெண்மணி சாவியைத் திருப்பினார். வண்டி துள்ளி, இருமி, அணைந்தது. மறுபடி திருப்பினார். மறுபடி துள்ளி அணைந்தது. கையைக் கட்டிக்கொண்டு டீச்சர் பக்கம் திரும்பி, ஆரம்பியுங்கள் என்பதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

டீச்சர் மெல்லக் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"இன்னைக்குக் காலைலதான் கம்பி முறுக்கியிருக்காங்க மேடம்," என்றார். "வியாழக்கிழமை திட்டுறேன். இப்போ கிளட்ச்சை மட்டும் மிதிங்க."